சப்வூஃபரைத் திட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இளைஞர்கள் வைக்கும் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி) சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, பிள்ளைகள் படிக்க முடியவில்லை, இந்தச் சாமானையே தடை செய்ய வேண்டும் என்று சென்ற ஞாயிறு வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் படும் பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் தடை என்ற சொல்லைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, ஏனென்றால் என் வீட்டு ஹாலில் பத்து அங்குல சப்வூஃபர் ஒன்று மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சீன அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே போன மாதம்தான் தெரியும், அதுவும் நானே சொல்லித்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன், செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தேழு வருடம் சார்ஜ்மேன் (மின்சார மேற்பார்வையாளர்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒலி பற்றிப் படித்துப் பட்டம் வாங்கவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு கற்றதுதான்.

முதலில் ஒரு விஷயம். லயத்து வீட்டில் என் அப்பா பெரிய மரப்பெட்டி ரேடியோ ஒன்று வைத்திருந்தார். பாட்டு போட்டால் தவிலின் தொப்பிப் பக்கம் உருண்டையாக, இதமாக வரும், ஒருநாளும் குமுறியது கிடையாது. அதே ரேடியோவைத் தாமான் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தபோது பானைக்குள் பாடுவது போல ஆகிவிட்டது. அப்பா ரேடியோ கெட்டுப்போச்சு என்றார். ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. லயத்தில் பலகைச் சுவர், மேலே தகரம். தாழ்ந்த ஒலி பலகையை லேசாக ஆட்டிவிட்டு வெளியே போய்விடும். தாமானில் செங்கல்லும் சிமெண்டும், போன ஒலி திரும்பி வந்து மோதும். நம் ஆட்கள் பலர் லயத்திலிருந்து தாமானுக்கு வந்தவர்கள், ஆனால் பாட்டு கேட்கும் பழக்கத்தை மட்டும் லயத்து அளவிலேயே வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

என் ஹால் நீளம் பதினாலு அடி, அதாவது ஏறக்குறைய 4.3 மீட்டர். நம் ஊர்ச் சூட்டில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. அதை ஹால் நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 41 அதிர்வு) வரும், ஹால் தானாகவே ஒலிக்கும் சுரம் அது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அப்படியென்றால் அந்தக் கம்பியைத் தட்டும்போதெல்லாம் என் ஹாலே சேர்ந்து பாடுகிறது! பின்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் அந்தச் சுரம் குமுறும், ஹாலுக்கு நட்ட நடுவில் உட்கார்ந்தால் அதே சுரம் காணாமல் போகும். இந்தச் சங்கதி தெரியாமல் சோபாவைப் பின்சுவரில் ஒட்டி, சப்வூஃபரை மூலையில் முட்டி வைத்து, கேட்பதற்கு நன்றாக இல்லையே என்று வால்யூமைத் திருப்பினால் பக்கத்து வீட்டுக்காரர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதாமல் என்ன செய்வார்?

அடுத்தது வாட் கதை. இதில் எனக்குக் கோபம் உண்டு. தீபாவளி நெருங்கினால் போதும், இரவுச் சந்தையிலும் கடைத்தெருவிலும் 3000 வாட், 5000 வாட் என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டு ஒரு பெட்டியும் நாலு குட்டி ஸ்பீக்கரும் விற்கிறார்கள். உங்கள் தீபாவளி மலரிலும் அப்படி விளம்பரம் பார்த்திருக்கிறேன், ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கும். 240 வோல்ட்டில் 1 ஆம்பியர் என்றால் 240 வாட், அதற்கு மேல் தொடர்ந்து இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். 240 வாட் உள்ளே போய் 3000 வாட் வெளியே வரும் மிஷினை என் ஆலையில் வைத்திருந்தால் முதலாளி என்னைத் தோளில் தூக்கி வைத்து ஆடியிருப்பார். பிஎம்பிஓ (ஒரு கணத்து உச்சம் என்று ஊதிச் சொல்வது) என்று எழுதியிருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) எத்தனை என்று கேளுங்கள், கடைக்காரர் பேச்சை மாற்றினால் அடுத்த கடைக்குப் போங்கள். உண்மையான 100 வாட் ஒரு தாமான் ஹாலுக்குத் தாராளம். அதை 200 ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு லேசான வித்தியாசம்.

வாட்டைவிட முக்கியம் ஸ்பீக்கரின் அகலம். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, காற்றைத் தள்ளும் வேலை. 80 ஹெர்ட்ஸில் கேட்கிற அதே சத்தத்தை 40 ஹெர்ட்ஸில் கேட்க வேண்டுமானால் கோன் (ஸ்பீக்கரில் ஆடும் கூம்பு) நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். 20 ஹெர்ட்ஸுக்கு அதிலும் நாலு மடங்கு, ஆக பதினாறு. ஆறரை அங்குலக் கோனுக்கு 130 சதுர சென்டிமீட்டர் பரப்புதான், பன்னிரண்டு அங்குலத்துக்கு 500 பக்கம் வரும். சின்னக் கோனால் அவ்வளவு தூரம் ஓட முடியாது. அதனால் மலிவுப் பெட்டி செய்கிறவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: பெட்டியில் ஓட்டை போட்டு, குழாய் வைத்து, 60, 70 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரே இடத்தில் ஊதலாக வரும்படி செய்துவிடுவார்கள். கடையில் கேட்டால் டும் டும் என்று நெஞ்சில் அடிக்கும், வாங்கிவிடுவோம். வீட்டுக்கு வந்து நாலு பாட்டு கேட்டால்தான் தெரியும், உறுமி மேளமானாலும் சரி பேஸ் கிட்டாரானாலும் சரி எல்லாம் ஒரே டும். உறுமியின் அந்த இழுவை, குச்சியைத் தோலில் தேய்க்கும்போது ஒரு முனகல் வருமே, அது இந்தப் பெட்டிகளில் எங்கே போகிறது என்றே தெரியாது. கடிதம் எழுதிய வாசகரின் ஜன்னலை ஆட்டுவது பெரும்பாலும் இந்த ஒற்றைச் சுர டும்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

ஓட்டை வைத்த பெட்டியே தப்பு என்று சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் செய்தால் அதே ஆம்ப்ளிஃபையரில் கூடுதல் பேஸ் கிடைக்கும். ஆனால் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் அசிங்கமாகிவிடும், குழாய் புஸ் புஸ் என்று மூச்சுவிடும். இன்னொன்றும் உண்டு, ஒரு நண்பரின் பெட்டியில் ஏதோ கடகடவென்று சத்தம் வருகிறது என்று திறந்து பார்த்தோம், உள்ளே பல்லி முட்டையும் ஒரு கரப்பான் குடும்பமும் இருந்தன. முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு மூடிய பெட்டிதான் நல்லது.

மூடிய பெட்டி புதுசு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1954இல் இதைக் காட்டினார், ஏஆர்-1 என்ற ஸ்பீக்கர் அதிலிருந்து வந்தது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஸ்பிரிங் போல வேலை செய்து கோனைப் பிடித்துக்கொள்ளும், அதனால் சின்னப் பெட்டியிலும் சுத்தமான பேஸ் வரும். எந்தக் கோனுக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்பதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961இல் கணக்காக எழுதினார், பிறகு சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரித்து எழுதினார். இன்றைக்கும் நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் கூட வரும் தாளில் மூன்று எண்கள் இருக்கும், எஃப்எஸ் (கோன் தானாக அதிரும் ஹெர்ட்ஸ்), கியூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது), விஏஎஸ் (கோனின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில்). இவை இல்லாத ஸ்பீக்கரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், குருட்டாம்போக்கில் பெட்டி அடிக்க வேண்டிவரும்.

கணக்கு பெரிய கம்பசூத்திரம் இல்லை. என் பத்து அங்குலத்துக்கு எஃப்எஸ் 30, கியூடிஎஸ் 0.45, விஏஎஸ் 60 லிட்டர். மூடிய பெட்டிக்கு வழக்கமாக வைக்கும் இலக்கு 0.707, அதை 0.45ஆல் வகுத்தால் 1.57. அதை அதாலேயே பெருக்கி ஒன்றைக் கழித்தால் 1.47. 60ஐ 1.47ஆல் வகுத்தால் 41 லிட்டர். அதுதான் பெட்டியின் உள்ளளவு. 30ஐ 1.57ஆல் பெருக்கினால் 47 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே பேஸ் மெல்ல இறங்கும். 47 போதுமா என்றால், நாலு சுவருக்குள் வைக்கும்போது சுவர்கள் கீழ்ப்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும், பாட்டு கேட்க 40 வரை வந்தால் தாராளம். பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ், அது வேண்டும், சினிமா வெடிச்சத்தம் வேண்டும் என்கிறவர்கள் இரண்டு மூன்று மடங்கு செலவுக்குத் தயாராக வேண்டும். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறைய சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் ஒருவருக்குக் கிடைக்கும். கூட்டிக் கழித்துப் பார்க்க அலுப்பாக இருந்தால் வின்ஐஎஸ்டி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, எண்களைப் போட்டால் கோடு வரைந்து காட்டிவிடும். என் மருமகன் போட்டுப் பார்த்தான், எனக்கு வந்த அதே 41தான்.

உள்ளளவு 35, 35, 33.5 சென்டிமீட்டர் என்று வைத்தேன். பலகை 18 மில்லிமீட்டர் பிளைவுட். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஒலிக்கு நல்லதுதான், மலேசியாவில் அது பெரும்பாலும் நம் ரப்பர் மரத்திலிருந்தே செய்வது, பால் வெட்டிய குடும்பத்துக்காரன் அதில் பெட்டி அடித்தால் பொருத்தமாக இருக்கும் என்று ஆசையும் இருந்தது. ஆனால் நம் ஈரக்காற்றில் விளிம்பு ஊதிவிடும், தரை கழுவும்போது அடியில் தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி உப்பிவிடும். விளிம்பெல்லாம் கோந்தைத் தண்ணீரில் கலந்து பூசி அடைக்கிற பொறுமை இருந்தால் எம்டிஎஃப் வாங்குங்கள். எட்டடிக்கு நாலடி ஷீட் ஒன்றில் என் அளவுப் பெட்டி மூன்று அடிக்கலாம். பலகைக் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) அளவெழுதிக் கொடுத்தால் மிஷினிலேயே நேராக அறுத்துத் தருவார், கைரம்பத்தில் அறுத்தால் இணைப்பு சேராது, காற்று கசிந்தால் அது மூடிய பெட்டியே இல்லை. உள்ளே ஒரு குறுக்குக் கட்டை, தலையணைக்குள் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு ஒரு தலையணை அளவு. இலவம்பஞ்சு வேண்டாம், ஈரம் பிடித்துப் பூஞ்சை வரும்.

கோனின் ஓரத்தில் வளையமாக இருக்கிறதே, அது ஸ்பாஞ்சா ரப்பரா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நம் ஊரில் ஸ்பாஞ்சு சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும், என்னிடம் இரண்டு அப்படிப் போயின. ரப்பர் வளையம் தாங்கும். அது நம் மரத்துப் பால் இல்லை, பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான்.

செலவு கேட்பீர்கள். ஷீட் 95 வெள்ளி (ரிங்கிட்), அறுக்கக் கூலி 15, ஸ்பீக்கர் 120, இணையத்தில் வாங்கிய பிளேட் ஆம்ப் (பெட்டியின் பின்பக்கத்தில் பொருத்தும் ஆம்ப்ளிஃபையர்) 180, கோந்து, திருகாணி, துணி எல்லாம் 30. மொத்தம் 440 வெள்ளி. ஸ்பீக்கர் உதிரிக்கு முன்பெல்லாம் பஸ் ஏறிக் கோலாலம்பூர் ஜாலான் பசார் போவோம், கடை கடையாக ஏறி இறங்கி நடு ராத்திரி வீடு திரும்புவோம். இப்போது எல்லாம் கைப்பேசியில் வந்துவிடுகிறது, ஆனால் அங்கே ஒரு கடைக்காரர் கோனை இரண்டு கையாலும் மெல்ல அழுத்திக் காட்டி, காயில் (கோனுக்குப் பின்னால் உள்ள கம்பிச் சுருள்) உரசும் சத்தம் கேட்கிறதா பார் என்று சொல்லிக் கொடுத்தது கைப்பேசியில் வராது. பழைய சாமான் வாங்கும்போது அந்தச் சோதனையை மறக்காதீர்கள்.

காடியில் (காரில்) கழற்றிய சப்வூஃபரை வீட்டுக்குப் போடலாமா என்று பலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் காடிப் பெட்டியோடு அப்படியே வேண்டாம். காடிக்குள் இடம் சின்னது, ஆழமான பேஸ் தானாகவே ஏறிவிடும், அதை நம்பித்தான் அந்தப் பெட்டியை அடித்திருப்பார்கள். வீட்டில் வைத்தால் வற்றிப்போய்க் கேட்கும். இன்னொரு கண்ணி, அதில் இரண்டு காயில் இருக்கலாம், ஒவ்வொன்றின் மின்தடையும் 4 ஓம். நான் முதலில் செய்தபோது இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்தேன், 2 ஓம் ஆகிவிட்டது, 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று ஆம்பிளிஃபையரிலேயே எழுதியிருந்தது. மூன்றாவது பாட்டு முடிவதற்குள் ஹாலில் சாம்பிராணி போட்டது போலப் புகை. இருபத்தேழு வருடம் சார்ஜ்மேன்! வரிசையாகக் கோர்த்திருந்தால் 8 ஓம், ஒரு குறையும் வந்திருக்காது. வீட்டுக்காரி இன்றைக்கும் விருந்தாளி வந்தால் இந்தக் கதையை எடுத்துவிடுவாள்.

பழைய ஸ்டீரியோவில் சப்வூஃபருக்கென்று தனி ஓட்டை இல்லையே என்று கவலை வேண்டாம். ஸ்பீக்கர் வயரையே வாங்கிக்கொள்ளும் பிளேட் ஆம்ப் இருக்கிறது, பின்னால் ஹை லெவல் என்று போட்டிருக்கும். கிராஸ்ஓவரை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் பாட வேண்டும் என்று பிரிக்கும் திருகியை) 80 பக்கம் வையுங்கள். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பெரும்பாலும் பிடிபடாது, அதனால் பெட்டியை எங்கே வைத்தாலும் பாட்டு முன்னாலிருந்து வருவது போலவே இருக்கும். ஃபேஸ் (phase) என்ற ஒரு கட்டை 0, 180 என்று இருக்கும், இரண்டிலும் மாற்றிக் கேட்டுவிட்டு எதில் பேஸ் நிறைவாக வருகிறதோ அதில் விடுங்கள். ஐம்பது ஹெர்ட்ஸ் உய்ங் என்று இரைந்தால் டிவி ஆண்டெனா வயரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிளக்கின் எர்த் காலை வெட்டினால் இரைச்சல் நிற்கும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள், தயவுசெய்து வேண்டாம், உயிர் போகிற வேலை. இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்து ஒரு ஆம்ப்ளிஃபையரை இழந்தவன் சொல்கிறேன்.

கடைசியில் இடம் பார்ப்பது. இதற்குக் காசே வேண்டாம், வெட்கம் மட்டும் இருக்கக் கூடாது. நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் சப்வூஃபரைத் தூக்கி வையுங்கள். பேஸ் கிட்டார் மேலும் கீழும் ஓடுகிற பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, நீங்கள் முட்டி போட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். ஓரிடத்தில் குமுறும், ஓரிடத்தில் வற்றும், ஓரிடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கும். அங்கே பெட்டியை வையுங்கள், நாற்காலிக்கு நீங்கள் திரும்புங்கள். நான் தவழ்ந்தபோது வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, மோதிரத்தைத் தொலைச்சிட்டீங்களா?" என்றாள், பேரன் அதற்குள் முதுகில் ஏறிவிட்டான். யானைச் சவாரி முடிவதற்குள் இடம் கிடைத்துவிட்டது, மூலையிலிருந்து இரண்டரை அடி தள்ளி, ஒட்டுச் சுவருக்கு எதிர்ச் சுவரோரம். அங்கே வைத்த பிறகு சத்தத்தைப் பாதியாகக் குறைக்க முடிந்தது, ஏனென்றால் கேட்காத சுரத்துக்காகத் திருப்ப வேண்டிய தேவை இல்லாமல் போனது. பெட்டியின் அடியில் ரப்பர் கட்டை வைத்தால் தரை வழியாகப் போகும் அதிர்வு கொஞ்சம் குறையும், ஆனால் காற்று வழியாகப் போவதை அது தடுக்காது. அதற்கு இடமும் அளவும்தான் மருந்து.

ஆக, கடிதம் எழுதிய வாசகருக்கு ஒரு வேண்டுகோள். தடைக்கு மனு போடுவதற்கு முன் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையனை, தம்பி, அந்தப் பெட்டியை மூலையிலிருந்து ஒரு இரண்டடி தள்ளி வை, நம் சுவரில் ஒட்டாதே என்று சொல்லிப் பாருங்கள். பெட்டியின் பின்பக்கம் எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்றும் அவனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், அவனே சிரித்துவிடுவான். அப்படியும் அடங்காவிட்டால் அப்புறம் போலீஸ் இருக்கவே இருக்கிறது. அந்த ஷீட்டில் இன்னும் இரண்டு பெட்டிக்கான பலகை என் வீட்டுக் கார்ப்போர்ச்சில் சாய்ந்து நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சார்ஜ்மேன்,
சுங்கை சிப்புட், பேராக்